அரியலூர்க் கடலைப் படித்தவர்

எங்க ஊர் கழுகுமலை. இங்கே மலையில் எவ்வளவு தேடினாலும் ஒரு சிப்பி பாசில்கூட கிடைக்காது. பூமிக்குள் வெந்து இறுகிய பழம்பாறை அது. ஆனா கோவில்பட்டியில் சென்னை ரயில் ஏறினா, திருச்சி தாண்டி அரியலூர் வரும். அங்கே சிமென்ட்டுக்கு வெட்டுற சுண்ணாம்புக்கல்லில் சுமார் 7 கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் உயிர்கள் கிடைக்குது. அவற்றை விரிவாகப் பதிவு செய்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா.

இன்றைய செக் நாட்டின் மொராவியா பகுதியில் 1838-ல் பிறந்தவர். வியன்னாவில் படித்தார். 1862-ல், 24 வயசுல, கல்கத்தா வந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். நம்மைவிட மூணு வயசுதான் கூட!

ஹென்றி பிளான்ஃபோர்டும் மற்றவர்களும் திருச்சி, அரியலூர் பக்கம் சேகரித்த பாசில்கள் அவர் மேஜைக்கு வந்தன. அம்மோனைட், நத்தை, சிப்பி என்று ஒவ்வொரு வகையா எடுத்து, படத்தோடு விவரம் எழுதினார். இந்த வரிசையின் கடைசித் தொகுதி 1873-ல் முடிந்தது. பிரையோசோவா வருவது அதில்தான்.

பிரையோசோவா என்பது கடலடியில் கூட்டமா வாழும் விலங்கு. ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சின்னது. ஆளுக்கொரு சுண்ணாம்பு அறை, எல்லாம் ஒட்டி ஒரே குடியிருப்பு. நீரை வடிகட்டித்தான் சாப்பாடு. சேறு அதிகமானா பிழைப்பது கஷ்டம். இடம் மாறவும் முடியாது. அதனால் கூட்டத்தின் வடிவமே ஒரு தடயம். மெல்லிய கிளைகள் நிறைய இருந்தா அமைதியான நீராக இருக்கலாம். சிப்பி மேல் படிந்த தகடுகள் அதிகமானா அலை அடிச்ச இடமா இருக்கலாம். கூட இருக்கும் உயிர்களையும் மண்ணையும் சேர்த்துப் பார்த்தா ஆழம், நீரோட்டம் எல்லாம் கணிக்கலாம். ஆனா எது என்ன இனம் என்று முதலில் யாராவது பிரிச்சு வைக்கணும். ஸ்டோலிச்கா செய்தது அந்த வேலை.

நாலு தொகுதி முடிச்சவர் ஓய்வு எடுக்கலை. அதே 1873-ல் ஃபோர்சைத் தலைமையில் யார்க்கண்ட் போன குழுவோடு கிளம்பினார். திரும்பும் வழியில் காரகோரம் கணவாயைக் கடந்தபின் உடம்பு முடியாமப் போச்சு. 1874 ஜூன் 19, லடாக்கின் முர்கோவில் இறந்தார். வயசு 36. லேயில் அடக்கம் செய்தார்கள். அந்தப் பயணக் குறிப்புகளை மத்தவங்கதான் நூலாக்கினாங்க.

எங்க ஊர் வெட்டுவான் கோயிலும் மேலிருந்து செதுக்கிட்டே வந்து பாதியில் நின்னதுதான். ஸ்டோலிச்கா வாழ்க்கையும் அப்படித்தான் நின்னது. ஆனா அரியலூர் வேலையை முடிச்சுட்டுத்தான் போனார். அதனால்தான் பின்னால் வந்தவங்க முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலை.