கால்டுவெல்லின் சொற்பிறப்பாய்வும் கிரேக்கச் சான்றுகளும்

முன்னுரை

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வகுத்தளித்த இராபர்ட்டு கால்டுவெல் (1814–1891) வாழ்வின் பெரும்பகுதியை இடையன்குடியில் கழித்தவர். ஆதலின் அவரை நெல்லைப் பகுதியோடு இணைத்துப் பேசுவதே வழக்கம். ஆயின் அவரது மணவுறவு நாகர்கோவிலோடு பிணைந்தது. கிரேக்க நூல்களின் துணைகொண்டு அவர் செய்த பெயராய்வு குமரியையும் கோட்டாற்றையும் தழுவியது. ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு கிரேக்கச் சொற்களுக்குத் தமிழ் வேர் காணும் போக்கு இன்று பெருகியுள்ளது. இந்நிலையில் கால்டுவெல்லின் முறை எங்கு உறுதியாக நின்றது, எங்குத் தளர்ந்தது என்பதை அவரது வாழ்வின் வழியே காண்பது பயனுடையது.

கிரேக்கக் கல்வி

அயர்லாந்தின் கிளேடி என்னும் ஊரில் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் பிறந்த கால்டுவெல், கிளாசுகோவில் வளர்ந்தார். இளமையில் ஓவியம் பயின்ற அவர் பின்னர்ச் சமயப்பணியை நாடி, கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குக் கிரேக்கப் பேராசிரியராக விளங்கிய டேனியல் சாண்ட்ஃபோர்டின் விரிவுரைகள் அவருக்கு ஒப்பியல் மொழிநூலில் ஆர்வத்தை ஊட்டின. மொழிகளின் உறவைச் சொல்லின் தோற்றத்தால் மட்டுமன்றி ஒலிமாற்ற நெறியாலும் இலக்கண அமைப்பாலும் துணிய வேண்டும் என்னும் கொள்கை ஐரோப்பாவில் வேரூன்றிவந்த காலம் அது.

1838ஆம் ஆண்டு சனவரியில் அவர் சென்னை வந்திறங்கினார். தெலுங்குப் புலமை மிக்க சி. பி. பிரவுன் அவருடன் அதே கப்பலில் பயணம் செய்தார். சென்னையில் திருக்குறளை மொழிபெயர்த்த துரூவின் தொடர்பும் வாய்த்தது. 1841இல் சென்னையிலிருந்து நடந்தே தென்திசை நோக்கிச் சென்ற கால்டுவெல், அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார்.

நாகர்கோவில் தொடர்பு

1844இல் எலைசா மால்ட்டை அவர் மணந்தார். அன்றைய தென் திருவிதாங்கூரின் நாகர்கோவிலில் சமயப்பணி ஆற்றிய சார்லசு மால்ட், மார்த்தா மால்ட் இணையரின் மகள் எலைசா. மார்த்தா, நாகர்கோவிலில் லேஸ் பின்னல் தொழிலைப் பெண்களுக்குப் பயிற்றுவித்தவர். நாஞ்சில் நாட்டில் வளர்ந்து தமிழை இளமையிலேயே பேசிப் பழகியவர் எலைசா. அத்தொழிலையும் பெண்கல்வியையும் இடையன்குடியில் அவர் வளர்த்தார். இலக்கணங்களின் வழித் தமிழைக் கற்ற கால்டுவெல்லுக்கு மக்கள் வழக்கினை அறிந்த துணை இல்லத்திலேயே அமைந்தது.

கிரேக்கர் குறித்த பெயர்கள்

1856இல் இலண்டனில் வெளிவந்து, 1875இல் விரிவான இரண்டாம் பதிப்புப் பெற்ற ஒப்பிலக்கணத்தில், கிரேக்க நூல்களில் காணப்படும் திராவிடப் பெயர்களைக் கால்டுவெல் தொகுத்து ஆராய்ந்தார். தமிழ் நூல்களின் காலத்தைத் துணிய இயலாதிருந்த அந்நாளில், காலம் அறியப்பட்ட அயலவர் நூல்களில் பதிவான சொற்களே அவருக்கு உறுதியான சான்றுகளாயின. கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூலும், இரண்டாம் நூற்றாண்டின் தாலமியும் கூறும் கொமாரி, கொமாரியா என்பன குமரிமுனையைக் குறித்தன. கொல்கோய் கொற்கை எனவும், பெத்திகோ பொதிகை எனவும், கொத்தியாரா கோட்டாறு எனவும் அவர் கொண்டார். கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்து, நூற்சான்றை நிலச்சான்றோடு ஒப்புநோக்கவும் முயன்றார்.

இம்முடிவுகளின் வலு ஒலியொப்புமையில் மட்டும் இல்லை. தாலமி கொத்தியாராவைக் குமரிக்கு அணித்தாகவே வைக்கிறார். முதற் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தியிலும் கோட்டாறு இடம்பெறுகிறது. பெயர், இருப்பிடம், தொடர்ந்த வழக்கு ஆகிய மூன்றும் இங்கு ஒத்துவருகின்றன. அவ்வூரைத் தாலமி ஆயோய் என்பாரின் நாட்டில் அமைக்கிறார். பிற்கால ஆய்வாளர் இதனைப் பொதியிலுக்குரிய ஆய் குடியோடு இணைத்தனர். ஆயைப் பாடும் புறநானூறு அச்சேறியது 1894இல். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே கால்டுவெல் மறைந்துவிட்டார். சங்க நூல்களைக் காணாமலே அவர் துணிந்த இடப்பெயர்களை அந்நூல்கள் பின்னர் வலுப்படுத்தின. அதே குறை, தமிழிலக்கியத்தின் காலத்தை அவர் மிகப் பிற்படுத்தவும் காரணமாயிற்று.

பொருட்பெயர்களில் நிலை வேறு. கிரேக்க ஒரூசாவை அரிசியோடு அவர் இணைத்தார். அச்சொல் ஈரானிய மொழிகளின் வழியே கிரேக்கத்தை அடைந்தது என்பதே பின்வந்தோர் பலரின் கருத்து. இஞ்சியைக் குறிக்கும் சிங்கிபெரிசு, இஞ்சிவேர் என்னும் திராவிடத் தொடரில் தோன்றினும், பாலி முதலிய மொழிகளின் இடைநிலை வடிவங்களைக் கடந்தே கிரேக்கத்திற்குச் சென்றது. சொல்லின் ஊற்றை மட்டுமன்றி அது சென்ற வழியையும் காட்டினாலன்றி முடிவு நிறைவுறாது.

வலிமைச் சொற்கள் தரும் பாடம்

கடன், உறவு, தற்செயல் என்னும் மூன்றையும் வேறுபடுத்துவதன் அருமையை வலிமை குறித்த சொற்கள் தெளிவாகக் காட்டுகின்றன. பழங்கிரேக்கத்தில் ஆற்றலைக் குறிக்கும் ஈஸ் என்பது இலத்தீன் வீஸ் என்பதன் உறவுச்சொல். கிரேக்கத்தில் மொழிமுதல் வகரம் பொதுவாக மறைந்ததே வேறுபாட்டின் காரணம். இந்நெறி பிற சொற்களிலும் தொடர்ந்து காணப்படுவதால் உறவு உறுதியாகிறது.

வடமொழியின் பலம் என்னும் சொல்லிலோ இத்தகைய தெளிவு இல்லை. தமிழின் வல், வலி, வலம் ஆகியவற்றோடு இணைத்து, அதனைத் திராவிடக் கடன் எனக் கொண்டார் பர்ரோ. மேலும் நல்லது எனப் பொருள்படும் கிரேக்க பெல்தியோன், வலுவற்றது எனப் பொருள்படும் இலத்தீன் தேபிலிசு ஆகியவற்றோடு உறவு காண்போரும் உளர். இரு தரப்பிலும் ஒலியும் பொருளும் இயைவதால், ஒப்புமை மட்டும் இவ்வழக்கைத் தீர்ப்பதில்லை. வல் என்பது திராவிட மொழிகளில் வேர்கொண்டு கிளைத்த சொல் என்பது உறுதி. அதனாலேயே கிரேக்கச் சொல்லும் தமிழிலிருந்து பிறந்தது என்று கூறிவிட இயலாது.

கால்டுவெல்லும் இவ்விடரினின்று முற்றிலும் தப்பினாரல்லர். திராவிட மொழிகளைச் சித்தியக் குடும்பத்தோடு அவர் இணைத்த கொள்கை நிலைபெறவில்லை. செமித்திய, இந்தோ-ஐரோப்பிய, சித்தியச் சொற்களோடு அவர் காட்டிய ஒப்புமைகள் பலவும் பின்னர்க் கைவிடப்பட்டன. ஆயினும் திராவிட மொழிகளின் தம்முள் உறவை அவர் நிறுவியது மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், வேற்றுமை, வினைத்திரிபு ஆகியவற்றின் அடிப்படையில் ஆதலால், அப்பகுதி அசையாது நின்றது.

நிறைவுரை

1877இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட கால்டுவெல், 1881இல் திருநெல்வேலி வரலாற்றை வெளியிட்டார். 1891ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள் கொடைக்கானலில் மறைந்த அவரது உடல் இடையன்குடித் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. கோட்டாறு பற்றிய அவரது முடிவு நிலைத்தது. அரிசி பற்றியது ஐயத்திற்கு உள்ளாயிற்று. சித்திய உறவு வீழ்ந்தது. இம்மூன்றும் ஒருவரின் புலமையிலேயே தோன்றியவை எனினும், அவற்றின் நிலைபேற்றை வரையறுத்தது சான்றுகளின் தொகையும் தன்மையுமே. தமிழின் தொன்மைக்குக் கிரேக்கத்தில் சான்று தேடுவோர் கால்டுவெல்லிடம் பெறவேண்டியது அவர்தம் சொற்பட்டியலை அன்று. பெயரை இடத்தோடும் காலத்தோடும் பொருத்திப் பார்த்த அவரது முறையையே ஆகும்.