ஆவியை அடக்கிய பாப்பேன்

பிரெஞ்சு நாட்டிலுள்ள புளுவா நகரையடுத்து 1647 ஆம் ஆண்டில் பிறந்தவர் தெனி பாப்பேன். மருத்துவம் பயின்றாராயினும் அவருள்ளம் பொறிகளிலேயே ஈடுபட்டது. பாரிசில் ஐகன்சுக்கும், பின்னர் இலண்டனில் இராபர்ட்டு பாயிலுக்கும் துணைவராயிருந்து ஆராய்ந்தார்.

1679 இல் அவர் தடித்த உலோகக் கலமொன்றினை ஆக்கினார். திருகினால் மூடியை இறுக்கி ஆவியை உள்ளே அடைத்தமையால், நீர் 100 பாகைக்கு மேலும் சூடேறிற்று. எலும்பும் அதில் வெந்து குழைந்தது. மூடி விளிம்போடு பொருந்தாவிடில் ஆவி இடுக்கின் வழியே சீறும், அழுத்தம் குன்றும், வெப்பமும் ஏறாது. முற்றும் அடைத்துவிட்டாலோ கலமே வெடிக்கும்! இதனையுணர்ந்த பாப்பேன், எடை தொங்கும் நெம்புகோலால் அழுத்தப்பெறும் காப்பு வால்வினை அமைத்தார். அழுத்தம் மிகுந்தால் அது தானே திறக்கும்.

உணவுத் தொழிற்சாலைகளில் டப்பாக்களைக் கிருமி நீக்கும் பெருங்கலங்கள் இதன் வழிவந்தனவே. அவற்றின் கதவோரம் ஆவி கசியுமாயின், அழுத்தமிருக்கும்போதே திருகை முடுக்குதல் பெரும்பிழை. அழுத்தத்தை முற்றும் தணித்து, ஆறவிட்டுத் திறத்தல் வேண்டும். இரப்பர் வளையம் இறுகியோ வெடித்தோ உள்ளதா, அது அமரும் பள்ளத்தில் உணவுத் துணுக்கு படிந்துள்ளதா, விளிம்பு நசுங்கியுள்ளதா என முறையே நோக்குவர். கசிவைப் பொருட்படுத்தாது விட்டால் வெப்பம் குறைந்து கிருமிகள் எஞ்சும்; அவ்வுணவே நஞ்சாகவுங்கூடும்.

பாப்பேன் சீர்திருத்தக் கிறித்தவர். 1685 இல் அச்சமயத்தார்க்கிருந்த உரிமை பறிக்கப்பட்டமையால் தாய்நாடு திரும்ப இயலாது செருமனியில் ஆசிரியராயினார். அங்கு 1690 இல் ஆவியால் இயங்கும் உந்துதண்டின் அமைப்பை விளக்கினார். 1707 இல் அவர் செலுத்திவந்த துடுப்புச்சக்கரப் படகைப் படகோட்டிகள் உடைத்தெறிந்தனர். மீண்டும் இலண்டன் சென்ற அவ்வறிஞர், வறுமையில் உழன்று, 1713 ஆம் ஆண்டளவில் மறைந்தார்.