சலுகை அல்ல, உரிமை!

கொடுத்த கையே பறித்துக்கொள்ளக்கூடியதற்குப் பெயர் சலுகை. எவரும் பறிக்க முடியாதபடி எழுதி வைக்கப்படுவதற்குப் பெயர் உரிமை. அஞ்சுகிராமத்துத் தோழர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. திருவிதாங்கூர் மன்னராட்சியைக் கண்ட மண் அது. நாடார் குலத்துத் தாய்மார்கள் தோள்சீலை அணியக் கூடாது என்று 1829-ல் தடுத்ததும் அரச ஆணை. அணியலாம் என்று 1859-ல் இறங்கி வந்ததும் அரச ஆணை. அந்த அனுமதியிலும் ஒரு முள்: மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாதாம்! மானத்தை மறைக்கும் துணிக்கே மன்னரின் கையெழுத்து!

இத்தகைய கொடுமையை மராட்டிய மண்ணிலே அனுபவித்து, இனிவரும் தலைமுறை எவருடைய தயவுக்கும் காத்திருக்கக் கூடாது என்று பாடுபட்ட பெருமகன்தான் டாக்டர் அம்பேத்கர்.

1891 ஏப்ரல் 14-ல் மோவ் படைமுகாமிலே பிறந்தார். தந்தை ராம்ஜி படையிலே சுபேதார்; மகனோ பள்ளியிலே தீண்டத்தகாதவன்! வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத்தான் ஆசனம். தாகமெடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. சேவகன் திறந்துவிட வேண்டும். சேவகன் வராத நாளிலே தண்ணீர் இல்லை. அந்தச் சிறுவன் கொலம்பியாவிலும் லண்டனிலும் கற்றார். கற்றோர் வியக்கும் பட்டங்கள் பெற்றார். ஆனால், 1917-ல் வேலைக்குச் சென்ற பரோடா பட்டத்தையா பார்த்தது? சாதியைப் பார்த்தது! தங்க இடமின்றித் துரத்தியது.

மகத் நகரத்துச் சவுதார் குளம் அனைவருக்கும் பொது என்று 1924-ல் நகராட்சி தீர்மானம் போட்டது. ஏட்டிலே திறந்த குளம் நாட்டிலே திறக்கவில்லை. 1927 மார்ச் 20-ல் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர, அம்பேத்கர் சென்று அந்த நீரை அள்ளிப் பருகினார். அடி விழுந்தது, மண்டைகள் உடைந்தன, குளத்துக்குத் தீட்டுக் கழித்தது வைதீகம். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. பம்பாய் உயர்நீதிமன்றம் வரை வழக்காடி வெல்ல 1937 ஆயிற்று. ஒரு கை தண்ணீருக்குப் பத்தாண்டுப் போர்!

அந்தக் கைதான் 1947 ஆகஸ்டில் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைமையை ஏற்றது. 1950 ஜனவரி 26-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அடிப்படை உரிமையைப் பறிக்கும் சட்டம் செல்லாது என்றது 13-வது பிரிவு. உரிமை பறிபோனால் நேரே உச்சநீதிமன்றம் செல்லலாம் என்றது 32-வது பிரிவு. அதையே சட்டத்தின் உயிர்நாடி என்று கருதினார் அம்பேத்கர். ஆளவந்தாரையும் கட்டும் கயிறு அது! உழவனுக்கும் ஆலை அதிபருக்கும் ஒரே ஓட்டு என்பதும் அந்தச் சட்டம் தந்ததே.

சட்டத்திலே குறையே கிடையாதா? உண்டு. அந்தச் சட்டத்தைக் காட்டியே நமது வகுப்புரிமை ஆணையை நீதிமன்றம் வீழ்த்தியது. பெரியார் போர்க்கொடி உயர்த்தினார், தமிழகம் கொதித்தது. 1951-ல் முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கான தனி ஏற்பாட்டைக் காக்கும் 15(4) பிறந்தது. அப்போது சட்ட அமைச்சர் அம்பேத்கரே! பெண்களுக்குச் சொத்துரிமை தரும் இந்து சட்டத் தொகுப்பு முடக்கப்பட்டபோது, அதே ஆண்டு பதவியை உதறினார்.

1956 நவம்பர் 1-ல் குமரி தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. அடுத்த 35-வது நாள், டிசம்பர் 6-ல், அவர் மறைந்தார்.

எழுதியவர் போன பின் ஏட்டைக் காப்பது யார்? 1976 ஜனவரி 31-ல் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. தோழர்கள் மிசாவிலே அடைக்கப்பட்டார்கள். உயிருக்கான உரிமையைக் கேட்டுக்கூட நெருக்கடிக் காலத்தில் நீதிமன்றம் வர முடியாது என்று உச்சநீதிமன்றமே அவ்வாண்டு கைவிரித்தது. 1977-ல் நாட்டு மக்களின் ஓட்டு அந்த ஆட்சியை வீழ்த்திய பின்னரே, 44-வது திருத்தம் அந்த ஓட்டையை அடைத்தது. சட்டம் மக்களைக் காக்கும். மக்கள் சட்டத்தைக் காத்தால்!

எனவே தோழர்களே, எந்த ஊரிலாவது இரட்டைக் குவளை கண்டால் 17-வது பிரிவைக் கையிலெடுங்கள். பள்ளிக் குழாயிலே எவரையும் கேளாமல் தண்ணீர் குடிக்கும் குழந்தை எவருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அது அதன் உரிமை. அந்தக் குழாய்க்கு மறுபடியும் ஒரு சேவகன் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்வது நமது வேலை.