ரெண்டு டிகிரி முடிச்சவர் புதுச்சேரியில கத்துக்கிட்டது

எங்க டீம்ல நாலு பேர். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு குடுக்க ரெண்டு வாரம்தான் இருந்தது. ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கட்டினா ரிப்போர்ட்டோட சேர்த்தே வாங்கிடலாம்னு ஒருத்தன் சொன்னான். நானும் தலையாட்டிட்டேன். அந்த வாரம்தான் ஜார்ஜ் நகாஷிமாவைப் பத்திப் படிச்சேன்.

1905-ல அமெரிக்காவுல ஸ்போகேன் நகரத்துல பிறந்தவர். அப்பா அம்மா ஜப்பான்ல இருந்து போனவங்க. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல முதல்ல படிச்சது காடு வளர்ப்பு. பாதியில ஆர்க்கிடெக்சருக்கு மாறிட்டார். டிப்பார்ட்மென்ட் மாறணும்னு புலம்புற நம்ம பசங்க இதைக் கவனிக்கணும். 1929-ல பட்டம், அடுத்து எம்.ஐ.டி.யில மாஸ்டர்ஸ். அப்புறம் காரை வித்துட்டு, உலகம் சுத்தக் கப்பல் டிக்கெட் எடுத்தார். பாரிஸ்ல கொஞ்ச காலம் இருந்துட்டு ஜப்பான் போனார். டோக்கியோவுல அன்டோனின் ரேமண்ட்ங்கிற ஆர்க்கிடெக்ட்கிட்ட வேலை.

ரேமண்டுக்கு ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துல இருந்து ஒரு விடுதி கட்டுற வேலை வந்தது. அதுக்காக 1937-ல நகாஷிமா புதுச்சேரி வந்தார். துய்மா வீதியில இன்னைக்கும் நிக்குற கோல்கொண்டே அதுதான். எங்க ஊர் வில்லியனூர்ல இருந்து பத்து கிலோமீட்டர்தான் இருக்கும். அந்த வழியா எத்தனையோ தடவை பைக்ல போயிருக்கேன், ஒரு தடவைகூட நின்னு பார்த்ததில்ல.

இந்தியாவுல ஆரம்பத்துல கட்டின ஆர்.சி.சி. கட்டடங்கள்ல அதுவும் ஒண்ணு. அறைகளுக்குக் கண்ணாடி ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கத் திறந்து மூடுற லூவர் பலகைகள். வெயில் உள்ள வராது, காத்து வரும். ஏ.சி. இல்லாமலே நம்ம ஊர் வெக்கையைத் தாங்குற டிசைன். முதல்ல ஒரு அறையை மட்டும் முழு அளவுல மாதிரியா கட்டிப் பார்த்தாங்க. வேலை செஞ்சதுல நிறைய பேர் கட்டட வேலையே தெரியாத ஆசிரமத்து ஆட்கள். பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கித்தான் கதவுக்கான சாமான்களைச் செஞ்சாங்க. அவசரமே இல்லாம, ஒவ்வொண்ணையும் சரியா செய்யணும்ங்கிறதுதான் அங்க கணக்கு. நகாஷிமா ஆசிரமத்துலயே சேர்ந்து சம்பளம் வேண்டாம்னுட்டார். அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தான்னு பேர் வச்சார்.

ஆனா கட்டடம் முடியுறதைப் பார்க்க அவர் இங்க இல்ல. 1939-ல கிளம்பிட்டார். அமெரிக்கா திரும்பி, கல்யாணம் பண்ணி, சியாட்டில்ல மரச்சாமான் செய்ய ஆரம்பிச்சார். அதுக்குள்ள போர். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு அப்புறம் அமெரிக்கா சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்கள்ல அடைச்சது. மனைவி, கைக்குழந்தையோட நகாஷிமாவும் 1942-ல ஐடஹோவுல இருந்த மினிடோகா முகாமுக்குப் போக வேண்டியதாச்சு. ஒரு தப்பும் செய்யல.

அங்க கென்டாரோ ஹிகோகாவாங்கிற தச்சர் இருந்தார். எம்.ஐ.டி.யில படிச்ச நகாஷிமா அவர்கிட்ட உதவியாளா சேர்ந்து, ஜப்பானியத் தச்சு வேலையை முதல்ல இருந்து கத்துக்கிட்டார். கிடைச்ச துண்டு மரங்கள்தான் பொருள்.

1943-ல பழைய முதலாளி ரேமண்ட் பொறுப்பேத்துக்கிட்டு அவரை வெளிய கொண்டு வந்தார். பென்சில்வேனியாவுல நியூ ஹோப்ங்கிற ஊர்ல பட்டறை போட்டார். மரத்தோட ஓரம் கோணலா இருந்தா அப்படியே விட்டார். பலகையில விரிசல் இருந்தா தூக்கிப் போடல, பட்டாம்பூச்சி வடிவத்துல ஒரு மரத்துண்டைப் பதிச்சு அதைப் பிடிச்சு நிறுத்தினார். அந்த மேசைகள்தான் அவருக்குப் பேர் வாங்கிக் குடுத்தது. 1964-ல அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்தும் வேலை செஞ்சார். 1990-ல இறந்தார்.

இதையெல்லாம் டீம்கிட்ட சொன்னேன். ப்ராஜெக்ட் சென்டர் வேண்டாம், சுடுமண்ல லூவர் செஞ்சு ஒரு சின்ன அறையில வெப்பத்தை அளந்து பார்க்கலாம்னு கேட்டேன். ரெண்டு பேர் சரின்னாங்க. ஒருத்தன் இன்னும் பேசல. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் பேர்போன ஊர். பக்கத்துத் தெருவுல பொம்மை செய்யுற தாத்தா களிமண் பிசையக் கத்துக் குடுத்தார். எங்க டிராயிங்கைப் பார்த்துட்டு, இவ்வளவு மெல்லிசா செஞ்சா நிக்காதுடான்னு சிரிச்சார்.

முதல் சூளையில ஆறு பலகை வச்சோம். நாலு விரிசல் விட்டுடுச்சு. ரிவ்யூ வர்ற திங்கட்கிழமை. அந்த நாலையும் எடுத்துட்டுத்தான் போறோம்.