மரத்துண்டில் பிறந்த ரிவால்வர்

சாமுவேல் கோல்ட் 1814-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். 1830-இல் நம் நாட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட கப்பலில் பணிபுரிந்தபோது, சுழலும் துப்பாக்கிக்கு மரத்தில் மாதிரி செதுக்கினார். அதுவரை ஒவ்வொரு முறை சுட்டதும் மருந்தும் குண்டும் நிரப்புவதே பெருவழக்கம். ஒருமுறை நிரப்பிப் பலமுறை சுடவல்ல ரிவால்வருக்கு 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1842-இல் அவரது தொழிற்சாலை மூடப்பட்டது. மனந்தளராத அவருக்கு, மெக்சிகோப் போரின்போது 1847-இல் 1000 ரிவால்வர்கள் செய்துதர அரசின் ஆணை கிடைத்தது. செல்வம் குவிந்தது, ஆயினும் 1862-இல், 47-ஆம் வயதிலேயே காலமானார்.

கணவரையும் குழந்தைகளையும் பறிகொடுத்த எலிசபெத் அம்மையார், 1864-இல் தீக்கிரையான தொழிற்சாலையை மீண்டும் எழுப்பினார். கணவர் சேகரித்த பழந்துப்பாக்கிகளைப் பேணிக் காத்தார். 1905-இல் அவர் மறைந்தபின், அவை ஹார்ட்போர்டிலுள்ள வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. சிறுவன் செதுக்கிய மரமாதிரியும் அங்கேதான் உள்ளது.

அந்த மரத்துண்டு யாரையும் கொல்லவில்லை. அதன்வழி வந்த இரும்போ எண்ணற்றோரைக் கொன்றது. கோல்ட்டின் அறிவையும் விடாமுயற்சியையும் வியக்கும் நாம், அக்கருவிக்கு இரையானோரையும் மறவாதிருப்போமாக!