தென்னையை வெட்டியவர் ஈப்போ வந்தபோது

கள்ளுக்கடை மறியல் சூடுபிடித்த 1921இல், ஈரோட்டு வணிகர் ஈ.வெ.ராமசாமி தம் தோப்பிலிருந்த 500க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். மரமே இல்லையென்றால் கள் ஏது என்பது அவர் கணக்கு. மறியலில் அவர் சிறை சென்றதும் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கினர்.

அந்த நாகம்மையாருடன் 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தார். ஈப்போவில் நடந்த தமிழர் சீர்திருத்த மாநாட்டிலும் பேசினார். இங்கோ கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது, அதுவும் நிர்வாகத்தின் பொறுப்பில். பால்மரம் சீவியவரின் சம்பளக் காசு வீடு போய்ச் சேருமுன் அங்கே கரைந்தது. வெட்டுவதற்கு எந்த மரத்தைத் தேடுவது? அவர் சென்றபின் சீர்திருத்தச் சங்கத்தார் கள்ளை விடும்படி தொழிலாளரிடம் எடுத்துச் சொல்லிவந்தனர்.

பலரும் அறியாதது இதுதான்: மரத்தை வெட்டிய அதே மனிதர் பிற்காலத்தில் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்தார். விருப்பமில்லாதவனைப் போலீசை வைத்துத் திருத்த முடியாது, அவனே உணர்ந்து விட வேண்டும் என்று வாதிட்டார். குடிகாரக் கணவனோடு லயத்தில் வாழ்ந்த பெண்கள் இதை ஏற்றிருப்பார்களா என்பது வேறு கேள்வி.

1954 இறுதியில் அவர் மீண்டும் மலாயா வந்தார். தோட்டங்களில் கள்ளுக்கடைகள் அப்போதும் திறந்தே இருந்தன.