வயர் மாற்றும் வேலையை ஒழித்த கணக்குப் புலி

ஆறு வயதுப் பையன். எட்டு இலக்க எண்களை மனத்துக்குள்ளேயே வகுத்து விடை சொல்வானாம்!

அவர்தான் ஜான் வான் நியூமான். ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில், 1903-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி, யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வங்கித் தொழில் செய்தவர். கணக்கை நம்பிப் பிழைக்க முடியாது என்பது அவர் எண்ணம். அதனால் மகன் ரசாயன என்ஜினீயரிங்கும் படித்தார். கணக்கையும் விடவில்லை. 1926-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1930-ல் அமெரிக்கா சென்றார். பிரின்ஸ்டன் நகர உயர் ஆராய்ச்சிக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். அங்கே ஐன்ஸ்டீனும் இருந்தார்.

ரெயில் நிலையத்தில் சந்திப்பு

1944-ம் ஆண்டு கோடைக்காலம். அப்போது வான் நியூமான் அணுகுண்டுக்கான கணக்குகளில் மூழ்கியிருந்தார். அபர்டீன் ரெயில் நிலையத்தில் கோல்ட்ஸ்டைன் என்ற ராணுவ அதிகாரி வலியப் போய்ப் பேசினார். பிலடெல்பியாவில் ஒரு ராட்சதக் கணிப்பொறி உருவாகி வரும் செய்தி அப்படித்தான் தெரிந்தது.

அதன் பெயர் எனியாக். எடை 30 டன். சுமார் 18 ஆயிரம் வால்வுகள். வினாடிக்கு 5 ஆயிரம் கூட்டல் போடும்!

ஆனால் ஒரு தொல்லை. வேறு கணக்குப் போட வேண்டுமென்றால் வயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருக வேண்டும். ஏராளமான சுவிட்சுகளைத் திருப்ப வேண்டும். ஆறு பெண்கள் இந்த வேலையைச் செய்தார்கள். கணக்கு முடியச் சிறிது நேரம். இயந்திரத்தைத் தயார் செய்யப் பல நாள்!

இதற்கு வழி என்ன? இயந்திரத்துக்கு இடும் கட்டளைகளையும் எண்களாக்கி, அதன் நினைவிலேயே பதிந்துவிட வேண்டும். வயரைத் தொடவே வேண்டாம். 1945-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்த முறையை விளக்கும் அறிக்கை வெளிவந்தது. அதில் வான் நியூமான் பெயர் மட்டுமே இருந்தது. எனியாக்கை உருவாக்கிய எக்கர்ட், மாக்லி இருவரும் கொதித்தார்கள். யோசனையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அறிக்கை பலர் கைக்குப் போய்விட்டதால், காப்புரிமை பெறும் வழியும் அடைபட்டது. அவர்கள் கோபம் நியாயமானதே.

ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது

1948-ல் எனியாக்கையே புது முறைக்கு மாற்றினார்கள். அதற்குக் கட்டளைகள் எழுதியவர்களில் ஒருவர் வான் நியூமானின் மனைவி கிளாரா. 1952-ல் பிரின்ஸ்டனில் அவருடைய சொந்தக் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதன் திட்டத்தை யாரிடமிருந்தும் மறைக்கவில்லை. அதைப் பார்த்துப் பல ஊர்களில் கணிப்பொறிகள் எழுந்தன. ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டி, ஜானியாக் என்றார்கள்.

ஆனால் உடன்பிறப்புகள் ஒரே மொழி பேசவில்லை! ஒன்றுக்கு எழுதிய கட்டளை இன்னொன்றில் பெரும்பாலும் ஓடாது.

அந்தத் தொல்லை இன்றும் உண்டு. கணிப்பொறியின் எல்லா வேலைகளையும் மேற்பார்க்கும் நிரலுக்குக் கர்னல் என்று பெயர். லினக்ஸ் கர்னலைத் தயாரிக்கிறவர், எந்தச் செயலிக்காக என்பதை முதலில் குறிக்க வேண்டும். இன்டெல் வகையா, ஆர்ம் வகையா? 32 பிட்டா, 64 பிட்டா? ஆர்ம் வகைக்குத் தயாரித்த கர்னல் இன்டெல் செயலியில் கிளம்பாது. மாற்றுவது எளிது. வேண்டிய செயலிக்கென மறுபடி தயாரித்தால் போதும். பிடுங்க வயர் இல்லை.

ஆஸ்பத்திரியில்

1955-ல் வான் நியூமானைப் புற்றுநோய் பிடித்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஜனாதிபதி ஐசனோவரிடம் பதக்கம் வாங்கினார். ராணுவ ரகசியங்கள் அறிந்தவர் என்பதால், ஆஸ்பத்திரியிலும் காவல் போட்டிருந்தார்கள். கணிப்பொறியையும் மனித மூளையையும் ஒப்பிட்டு அங்கே எழுதிக் கொண்டிருந்தார். முடிக்கவில்லை. 1957-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி காலமானார். வயது 53. பாதியில் நின்ற அந்தப் புத்தகம், கிளாராவின் முன்னுரையோடு 1958-ல் வெளிவந்தது.